சாம்பல் புதனில் கானா

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏழு மணிப் பேருந்தை ஓட்டிய அசரியாவுக்குச் சபைப் பதிவேட்டில் ஏறாத ஒரு பெயர் இருந்தது. குவாக்கு என்பது அது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலோரத்தில், வெள்ளைக்காரர் பொன் கரை என்று பெயரிட்டு ஆண்ட நாட்டில், புதன்கிழமை பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் அந்தப் பெயர்தான். அங்கே கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. அசரியாவுக்கு அதைச் சூட்டியவர் குவேசி மென்சா. அவர் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடும்.

அசரியா 1918ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு புதன்கிழமை சித்தூரில் பிறந்தார். தந்தை மிஷன் பங்களாவின் குதிரைவண்டியை ஓட்டினார். மகன் மோட்டாருக்கு மாறினார். 1942இல் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பர்மா எல்லையில், அரக்கான் மலைக்காட்டில், மழையில் கரைந்த ஒரு பாதையில் லாரியோடு உருண்டார். இடது கால் எலும்பு முறிந்தது. கொண்டுபோய்ப் போட்ட இடம் நீளமான ஒரு மூங்கில் கொட்டகை. அதன் ஒரு பாதியில் இந்தியர், மறு பாதியில் ஆப்பிரிக்கர். வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கட்டடமே வேறு. மூன்று கூட்டத்தாருக்கும் மன்னர் ஒருவர்தான். அவர் படம் இரண்டு கட்டடங்களிலும் தொங்கியது. சோறும் கட்டிலும் சம்பளமும் மட்டுமே வேறு வேறாக இருந்தன.

குவேசியின் கட்டில் எல்லையில் இருந்தது. அசரியாவின் கட்டிலும் எல்லையில் இருந்தது. தோளில் குண்டுத்துண்டு பாய்ந்து வந்திருந்த குவேசி, பட்டாளத்தில் தலைச்சுமைக்காரர். வண்டி போகாத காட்டில் அவர் படைப்பிரிவு தளவாடங்கள் அனைத்தையும் தலையிலேயே சுமந்து நடந்தது.

"எங்கள் ஊரில் பெண்கள்தான் தலையில் சுமப்பார்கள்" என்றார் அசரியா, பட்டாளத்து ஆங்கிலத்தில்.

"எங்கள் ஊரில் ஆண்கள் லாரியைக் கவிழ்ப்பதில்லை" என்றார் குவேசி.

அன்றைக்கே நட்பு பிடித்துக்கொண்டது. குவேசி தம் ஊர்த் தேவாலயத்தில் மணி அடிப்பவர். இருவருக்கும் தெரிந்த பாமாலை இராகம் ஒன்று இருந்தது; ஒருவர் தமிழிலும் மற்றவர் தம் மொழியிலும் ஒரே இராகத்தில் பாடினார்கள். வேளைக்கு வேளை சோற்று வாளியோடு வரும் பையன் "கானா! கானா!" என்று கூவுவான். சாப்பாடு என்று பொருள்; இந்துஸ்தானியில் குவேசி கற்ற முதல் சொல் அது. கஞ்சியும் பருப்பும் தவிர வேறெதுவும் அந்த வாளியில் வந்ததில்லை. அந்தப் பசியில்தான் ஒரு நாள் குவேசி ஒப்பந்தம் பேசினார்.

"குவாக்கு, இந்த மன்னர் என்றாவது உன் ஊரை விட்டுப் போவார். என் ஊரையும் விட்டுப் போவார். உன் நாடு விடுதலை பெறும் நாளில் உன் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து என் வீட்டில் பத்துப் பேருக்குப் போடுவேன். என் நாட்டு நாளில் நீ என் ஊர்ச் சாப்பாட்டைப் போட வேண்டும். அந்த நாளிலேயே போட வேண்டும். சமைத்தவன் வீட்டார் கணக்கில் சேரமாட்டார்கள்."

இருவரும் கையடித்துக்கொண்டார்கள். காலும் தோளும் தேறியதும் ஆளுக்கொரு கப்பலில் பிரிந்தார்கள்.

குவேசி வாக்குத் தவறவில்லை. 1947 அக்டோபரில் சித்தூருக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஆகஸ்டு பதினைந்தாம் தேதி சோறும் பருப்பும் சமைத்தேன். பருப்பு கிடைக்காததால் மொச்சை. பதினொரு பேர் சாப்பிட்டார்கள். உன் நாட்டார் இவ்வளவு மிளகாயோடு எப்படி இருநூறு ஆண்டு பொறுமையாக இருந்தார்கள் என்று என் மாமன் கேட்டார்.' அசரியா படித்துப் படித்து அது மடிப்புகளில் கிழிந்துபோக, மனைவி ஞானம்மாள் கோதுமை மாவுப் பசையால் ஒட்டிக் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு கடிதம் நின்றது. 1948 பிப்ரவரியில் பொன் கரையில், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தங்களுக்குக் கொடுத்த வாக்குகளை நினைவூட்டி மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள்; ஆட்சியாளர் சுட்டதில் சிலர் இறந்தார்கள். செய்தித்தாளில் மூன்று வரிச் செய்தியாக அது வந்தது. பெயர்கள் இல்லை. இரண்டு ஆண்டுகள் அசரியா தபால்காரரைக் கண்டால் வண்டியை நிறுத்தினார். பிறகு ஒரு நாள் பழைய கோழிக்கிறுக்கல் எழுத்தில் உறை வந்தது: 'நானும் ஊர்வலத்தில் போனேன். என் முன்னால் நடந்தவன் விழுந்தான். மன்னருக்காகச் சுமந்த தலைக்கு மன்னர் கொடுத்த மரியாதையைப் பார்த்தாயா? ஆனால் இனி அதிக காலம் ஆகாது, குவாக்கு.'

அந்தக் கடிதங்களின் உறைகளை வரிசையாக வைத்தால் ஒரு சரித்திரம் தெரியும். அசரியா வீடு மாறவில்லை. வேம்பும் கிணறும் அப்படியே இருந்தன. முகவரியில் மட்டும் முதலில் சென்னை மாகாணம், 1953இல் ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம் என்று மாறிக்கொண்டே வந்தது. 'நீ ஓட்டுநர் என்பது தெரியும். வீட்டையுமா ஓட்டிக்கொண்டு போகிறாய்?' என்று குவேசி ஒரு முறை கேட்டிருந்தார். 1911இல் வெள்ளைக்காரர் தம் வசதிக்குக் கோடு போட்டு உண்டாக்கியது சித்தூர் மாவட்டம். அவர்கள் போன பிறகு அந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்று தமிழரும் தெலுங்கரும் வழக்காடினர். எல்லையைத் தீர்க்க நடுவர் ஒருவர் மனு வாங்குகிறார் என்ற பேச்சு அந்நாளில் ஊரெங்கும் இருந்தது.

அந்தப் பேச்சை வண்டிக்குள் கொண்டுவந்தவர் கண்டக்டர் கன்னையா. நகரிப் பக்கத்து உழவர் குடும்பம், முப்பது வயது, வாயும் விசிலும் ஓயாத ஆள்.

"எங்க ஊட்டுக்கு ரெண்டு கட்சிக்காரனும் வரான்ணா" என்றார் ஒரு நாள். "ஒருத்தன் மெட்ராசுக்குப் போவணும்னு மனு நீட்டறான். ஒருத்தன் ஆந்திராலயே இருக்கணும்னு நீட்டறான். எங்க நைனா ரெண்டுலயும் கைநாட்டு வெச்சிட்டாரு."

"ஏன்டா அப்படி?"

"ரெண்டு பேரும் மரியாதையா கேட்டாங்களாம்."

இப்படி இருக்கையில், 1957 ஜனவரியில், சந்திரகிரியில் வண்டி நின்றபோது, காலையில் வந்த உறையை அசரியா பிரித்தார்.

'குவாக்கு, நாள் குறித்தாகிவிட்டது. மார்ச் ஆறு. என்ன கிழமை என்று பார். புதன். என் நாடு உன் பெயர்க்காரன்! பொன் கரை என்ற பெயரும் போகிறது. புதுப்பெயர் கானா. நம் கொட்டகையில் அந்தச் சோற்று வாளிக்காரன் வேளைதோறும் எங்கள் நாட்டைத்தான் கூவி அழைத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஐந்தாம் தேதி நள்ளிரவு முடிந்து ஆறாம் தேதி பிறக்கும் நொடியில் எங்கள் தேவாலய மணியை நான் அடிப்பேன். நீ செய்ய வேண்டியது உனக்குத் தெரியும். வேர்க்கடலைக் குழம்பின் செய்முறை பின்பக்கத்தில் உள்ளது. புளி சேர்க்காதே.'

அசரியா ஸ்டியரிங்கின் மேல் தட்டினார். ஹாரன் தானாக அலறியது. சந்திரகிரிக் கோட்டையின் அடிவாரத்துக் குரங்குகள் சிதறி ஓடின.

"இன்னாண்ணா?" என்று ஓடி வந்தார் கன்னையா.

"டேய் கன்னையா, மார்ச் ஆறு. புதங்கெழம. கானா!"

"யாருக்குண்ணா?"

"ஒரு ஜனத்துக்கே. நம்ம ஊட்ல பத்துப் பேராவது துன்னணும். வாக்குக் குடுத்துக்கீறேன். ஆள் சேக்கறது உன் வேல."

கன்னையாவுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் கானா என்றால் விருந்து. சாயபு வீட்டுக் கலியாணம் என்றாலும் கானா. பட்டாளத்துக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும் கானா. அன்று மாலைக்குள் பேருந்து நிலையத்தில் செய்தி பரவிவிட்டது: புதன்கிழமை அசரியா அண்ணன் கானா போடுகிறார். பெட்ரோல் பங்குக்காரரும், வெற்றிலைக் கடைக்காரரும், எதிர்த்தடத்து ஓட்டுநர்களும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்துக்குக் காரணம் கேட்பது அநாகரிகம்.

அசரியா ஆறு வாரம் தரையில் நடக்கவில்லை. சந்தையில் நல்ல பருவெட்டான மல்லாட்டையாகப் பொறுக்கி வாங்கினார். வேர்க்கடலைக்குச் சித்தூரில் வழங்கும் பெயர் அது. வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும், உலகத்தில் புதிதாக ஒரு நாடு வரப்போகிறது என்றார். அவர்கள் டிக்கெட்டைக் கேட்டார்கள்.

மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தவரைத் தேவாலய வாசலில் மூப்பர் இயேசுதாசன் நிறுத்தினார். அறுபது வயது, கஞ்சி போட்ட ஜிப்பா, சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். முப்பது ஆண்டுகளாக அந்தத் தேவாலய மணியை அடிப்பவர் அவர்தான். ஊரில் பலர் தங்கள் கடிகாரத்தை அவர் மணிக்குத்தான் திருத்திக்கொள்வார்கள்.

"அசரியா, புதங்கெழம உங்க ஊட்ல கானாவாமே."

"ஆமாங்க மூப்பரே. சுதந்திரம்."

"கானாவுக்குச் சுதந்திரம் வேற குடுத்தாச்சா? நல்லாகீது. என்னிக்குன்னு பாத்துக் குடுத்தே, நாப்பது நாள் லெந்து நோம்புல மொத நாளாப் பாத்து. சாம்பல் புதனன்னிக்குச் சபையே உபவாசம் இருக்கும். நீ மட்டும் பந்தி போடுவே."

நாள், கிழமை, புதுப்பெயர் எல்லாவற்றையும் எண்ணி எண்ணி மகிழ்ந்த அசரியா, சபைக் காலண்டரைப் பார்க்க மறந்திருந்தார்.

"நான் தேதி வெக்கலைங்க மூப்பரே. அந்த நாடு வெச்சுது."

"எந்த நாடு?"

"கானா."

இயேசுதாசன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "வயசானவனக் கேலி பண்ணாத, அசரியா" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் போனதும் அசரியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஞானம்மாள் அடுப்பைக் கவனித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"இத நான் போன மாசமே சொன்னேங்க. உங்க காதுல எப்பவும் இஞ்சின்தான் ஓடுது."

"வியாழக்கெழம போட்டுட்டு புதங்கெழம போட்டேன்னு எழுதிடலாமா?"

"எழுதுங்க. அந்த மனுசன் மொச்சக்கொட்டையப் பருப்புன்னு சொல்லாம மொச்சன்னே எழுதுனாரு. நீங்க பொய் எழுதுங்க."

அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். இந்தியாவுக்காகப் பதினொரு பேருக்குச் சோறு போட்டவனுக்கு, துப்பாக்கிக்கு எதிரே நடந்து உயிரோடு மிஞ்சியவனுக்கு, பத்துப் பேரை உட்கார வைக்க முடியவில்லை என்று எப்படி எழுதுவது? சபையின் உபவாசத்தை முறிப்பதும் ஆகாது. ஞானம்மாளின் முகத்தில் எப்படி விழிப்பது?

"செவ்வாக்கெழம ராத்திரியே போட்டுட்டா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நாடு பொறக்கறதுக்கு முந்தியேவா? அது சீமந்தம்." ஞானம்மாள் கரண்டியை வைத்தாள். "அது எத்தன மணிக்குப் பொறக்குது?"

"நடுராத்திரி. அவங்க ஊர் நடுராத்திரி." சொல்லும்போதே அசரியா நிமிர்ந்தார். பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்திக்காரர்கள் வாயில் ஓயாமல் கேட்ட கணக்கு அது. பொன் கரையின் நேரமும் இலண்டன் நேரமும் ஒன்று. இந்தியா அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. "ஞானம்! அங்க ராத்திரி பன்னெண்டுன்னா இங்க புதங்கெழம விடியக்காலம் அஞ்சர!"

"நம்ம சபையில உபவாசம் மொத மணியிலேர்ந்து" என்றாள் ஞானம்மாள். "மணி விழுந்தப்புறம் பச்சத் தண்ணி கூடாது. அதுக்கு முந்தி துன்னா யாரும் கேக்க முடியாது. மொத மணி ஆறுக்கு."

அசரியாவுக்கு முழுதாக அரைமணி நேரம் கிடைத்தது. லாரிப் படையில் அரைமணியில் பாலம் கட்டியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

புதன்கிழமை. கருக்கல் கலையும் முன்பே வேப்பமரத்தடியில் சோறும் குழம்பும் இறங்கிவிட்டன. வறுத்து அரைத்த மல்லாட்டை, வெங்காயம், தக்காளி, மிளகாய். "புளி இல்லாத கொழம்ப நான் எந்த மொகத்தோட ஊத்துவேன்" என்று ஞானம்மாள் ஒரு கோலிக்குண்டு அளவு போட்டது அசரியாவுக்குத் தெரியாது. தையல் இலைகள் பத்து விரித்தாயிற்று. எதிரே சாலையோரம், ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய பேருந்து நின்றது. அசரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தொன்பது. ஐந்து முப்பது.

"பொறந்துடுச்சு, ஞானம்" என்றார்.

அப்போது கன்னையா மூச்சிரைக்க ஓடி வந்தார், தனியாக வந்தார்.

"எங்கடா ஆளுங்க?"

"ஒருத்தனும் வரமாட்டேன்றான்ணா. கானான்னா மத்தியானம்தானேன்றான். வெத்தலக் கடக்காரன் தலவரைக்கும் போத்திக்கினு, 'பன்னெண்டு மணிக்கு வரேன், எலய விரிச்சு வெய்யி'ன்றான். நான் நேத்து அஞ்சரைன்னு சொன்னப்ப சாயங்காலம்னு நெனச்சவனும் கீறான்."

அசரியா கன்னையாவை ஒரு நொடி பார்த்தார்; இலைகளைப் பார்த்தார்; பேருந்தில் தாவி ஏறினார். "ஏறு."

ஐந்து முப்பத்தைந்துக்கு வண்டி பேருந்து நிலையத்தில் நின்றது. திருப்பதிப் பயணிகள் மூட்டையும் பிள்ளைகளுமாக எழுந்து ஓடி வந்தார்கள். கன்னையா படியில் நின்று கூவினார்: "திருப்பதி இல்ல, திருப்பதி இல்ல. சாப்பாடு! யார் வரீங்க?"

முடியோடு இருந்த அனைவரும் பின்வாங்கினார்கள். மலையேறி முடி கொடுக்கும் வரை வாயில் ஒன்றும் படக்கூடாது என்பது அவர்கள் நேர்த்திக்கடன்.

"இங்கயும் லெந்தா?" என்று முனகினார் அசரியா. பிறகு அவர் கண் ஓர் ஓரத்தில் நிலைத்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், சிறிதும் பெரிதுமாக ஏழு. "கன்னையா, தலையப் பாத்து ஆள எடு. மொட்ட போட்டவங்க எல்லாம் முடிச்சிட்டு வரவங்க."

அவர்கள் குப்பத்துக்கு அருகே குடுபல்லியைச் சேர்ந்தவர்கள். இரவு கடைசி வண்டியில் மலையிலிருந்து இறங்கி, பங்காருபாளையம் வழியாக ஊருக்குப் போகும் முதல் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். குடும்பத்துக்குத் தலைவி ரத்தினம்மா, வாட்டசாட்டமான பெண், அவளும் முடி கொடுத்திருந்தாள். கணவர் வீராசாமி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏமி விசேஷமு?" என்றாள் ரத்தினம்மா, அடுத்த மூச்சிலேயே தமிழுக்கு வந்தாள். "கல்யாணமா?"

"நாடு ஒண்ணு பொறந்துகீதும்மா. இப்பதான். அஞ்சு நிமிசம் ஆச்சு."

"ஆணா பொண்ணா?" என்றார் வீராசாமி, அரைத்தூக்கத்தில்.

"இம்மாங்காலம் வெள்ளக்காரன் கையில இருந்த நாடு. பொன் கரைன்னு பேரு. இன்னிக்குப் புதங்கெழம விடுதலை."

ரத்தினம்மா தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. அவங்களுக்கு ரெண்டும் கெடச்சுதா? குடுத்து வெச்சவங்க. லெய்யி மாமா."

வீராசாமி எழவில்லை. "எவர் இல்லோ, ஏமோ. தெரியாதவங்க ஊட்ல..."

"பஸ்ல ஒட்டிக்கினு குந்தலாம். எலையில குந்தக்கூடாதா? லெய்யி."

நிலையத்துக் காவற்காரரையும் கன்னையா கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். வண்டி திரும்பியது. அரக்கானில் உருண்ட பிறகு அசரியா அவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லை. மொட்டைத் தலைகள் ஏழும் ஒரே திசையில் சாய்ந்து ஒரே திசையில் நிமிர்ந்தன. பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

ஐந்து நாற்பத்தாறுக்குப் பந்தி உட்கார்ந்தது. ஞானம்மாள் ஓடி ஓடிப் பரிமாறினாள். ரத்தினம்மா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். "நம்ம மல்லாட்டதானே? அத இப்படிக் கூடச் செய்வாங்களா அந்த ஊர்ல? அப்ப நம்ம ஜனம்தான்."

அசரியா விரலால் எண்ணினார். குடுபல்லியார் ஏழு. கன்னையா எட்டு. காவற்காரர் ஒன்பது. பத்தாவது இலை வெறுமனே கிடந்தது. சமைத்த வீட்டார் கணக்கில் சேரமாட்டார்கள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. தெருவில் ஒரு நாய்தான் நின்றது.

வீட்டை அடுத்திருந்த தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கடிகாரத்தைக் கையில் ஏந்தியபடி இயேசுதாசன் மூப்பர் வந்தார். ஒன்பது இலைகளையும், ஏழு மொட்டைகளையும், குறுக்கே நின்ற பேருந்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ, செஞ்சிட்டே."

"மொத மணிக்கு முந்தி முடிச்சிடுவேன் மூப்பரே."

"முடிச்சிடணும். ஆறுக்கு ஒரு நொடி முந்தியும் அடிக்க மாட்டேன், பிந்தியும் அடிக்க மாட்டேன். அந்த எல யாருக்கு?"

"பத்தாவது ஆளுக்கு. ஒருத்தர் கொறையறாரு." அசரியா மூப்பரின் பக்கம் வந்தார். "மூப்பரே, அன்னிக்கு நீங்க கேக்காமலே போயிட்டீங்க. கானான்றது நெசமாவே ஒரு நாடு. அங்க என் சிநேகிதன் கீறான். நம்மளாட்டம் சபக்காரன். உங்களாட்டம் கோயில் மணி அடிக்கிறவன். நாடு பொறக்கற நொடியில அடிப்பேன்னு எழுதியிருந்தான். இன்னேரம் கயிறு அவன் கையிலதான் இருக்கும்."

இயேசுதாசன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார்.

"எந்நேரம் அடிக்கறதா எழுதுனான்?"

"நடுராத்திரி பன்னெண்டு. நமக்கு அஞ்சர."

"அப்ப இருவத்தி மூணு நிமிசமா அடிச்சிக்கினு கீறான்" என்றார் மூப்பர். "கை விட்டுப் போயிருக்கும். பெரிய மணியா?"

"தெரியலைங்க."

"கேட்டு எழுது." அவர் கஞ்சி மடிப்புக் கலையாமல் ஜிப்பாவைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பத்தாவது இலையின் முன் அமர்ந்தார். "ஏழு நிமிசம் கீது. ஞானம்மா, கொஞ்சமா வெய்யி. மணிக்காரன் வயித்த ரொப்பிக்கினு கயிறு இழுக்கக்கூடாது."

கன்னையா மெதுவாகச் சொன்னார்: "மூப்பரே, மெதுவாத் துன்னுங்க. நீங்க போயி அடிக்காம லெந்து எங்க வந்துடப் போவுது."

"சும்மாரு. நகரி எந்தப் பக்கம்னே தெரியாதவன் எனக்கு லெந்து சொல்றான்."

"புளியில்லாத கொழம்புங்க, அவன் எழுதுனபடியே" என்றார் அசரியா. மூப்பர் மூன்று கவளம் உண்டார். நான்காவதில் நிறுத்தி, "புளி போட்டுக்கீறே" என்று ஞானம்மாளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஞானம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். மூப்பர் எழுந்து கைகழுவி, வாய் கொப்பளித்து, தேவாலயத்துக்குள் போனார்.

ஆறு மணி. சாம்பல் புதனன்று மணியை ஒற்றையாக, மூச்சு விட்டு மூச்சு விட்டு, சாவு மணிபோல அடிப்பது அந்தச் சபையின் முறை. அன்று எழுந்த ஓசையோ தடதடவென்று, கிறிஸ்துமஸ் விடியலில் ஒலிப்பதுபோல் ஊரையே உலுக்கியது. வேப்பமரத்துக் காகங்கள் கலைந்து பறந்தன. குடுபல்லிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அசரியா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண்ணீர் மீசை வரை இறங்கியது, துடைக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு மணி தடுமாறி நின்று, உரிய முறைப்படி ஒற்றை ஒற்றையாக ஒலிக்கத் தொடங்கியது.

போதகர் அங்கியின் பொத்தானைப் போட்டபடியே ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கயிறு சிக்கிக்கிச்சு, ஐயரே" என்றார் இயேசுதாசன்.

ரத்தினம்மா தன் மூட்டையிலிருந்து ஒரு லட்டை எடுத்து, "கொழந்தைக்கு" என்று அசரியாவின் கையில் வைத்தாள். கானாவுக்கு லட்டு போய்ச் சேராது என்பதால், உபவாசம் முடியும் மாலையில் அசரியாவும் ஞானம்மாளும் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஏழு மணி வண்டி ஏழு மணிக்கே புறப்பட்டது.

எல்லைத் தகராறு 1960 ஏப்ரல் வரை இழுத்தது. திருத்தணி சென்னைக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. திருத்தணியில் பெண் எடுத்திருந்த கன்னையா, "மாமியார் ஊட்டுக்கும் எனக்கும் நடுவுல சர்க்காரே கோடு போட்டுட்டாங்க, இனிமே இன்னா பயம்" என்று சில நாள் மகிழ்ச்சியாகத் திரிந்தார். அசரியாவின் முகவரி அதற்குப் பிறகு மாறவில்லை. 1973இல் ஓய்வு பெறும்வரை அதே தடத்தில் ஓட்டினார். லாரியைக் கவிழ்த்த கதையைத் தவிர வேறு எந்தக் கதையையும் அவர் பெருமையாகச் சொன்னதில்லை.

அந்தச் சாம்பல் புதன் மாலையில் அவர் எழுதிய கடிதத்தின் உறையில், நாடு என்ற இடத்தில், வாழ்நாளில் முதன்முறையாகக் கானா என்று எழுதினார். எழுதிவிட்டு, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எழுதியது சுருக்கம்: 'அதே நாளில் போட்டேன். பத்துப் பேர். ஏழு பேர் உன் நாட்டுக்காகத் தலைமுடி வரை கொடுத்தவர்கள் என்று நான் சொன்னால் நம்பாதே. பத்தாவது ஆள் உன் தொழில்காரர். உன் மணி எவ்வளவு பெரிது என்று கேட்கிறார். புளி சேர்க்கவில்லை.'

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஞானம்மாள், கடைசி வாக்கியத்தை அவர் உரக்கப் படித்தபோது இருமினாள். அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வெற்றிலைக் கடைக்காரரும் பெட்ரோல் பங்குக்காரரும் எதிர்த்தடத்து ஓட்டுநர்களும் சலவைச் சட்டையோடு வந்து நின்றார்கள். அசரியா அப்போது திருப்பதியில் இருந்தார். ஞானம்மாள் பட்டினியோடு மறுபடி உலை வைத்து, மிச்சமிருந்த மல்லாட்டையை எல்லாம் அரைத்து, அத்தனை பேருக்கும் போட்டு அனுப்பியிருந்தாள்.

"ஏங்க, மத்தியானம் வந்த இருவத்தி மூணு பேரையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

"அது எப்படி எழுதறது, ஞானம்? அவங்க கானாவுக்கு வந்தவங்க" என்றார் அசரியா, உறையை ஒட்டிக்கொண்டே.